முதல் ஷிஃப்டுக்கு ஒரு சைக்கிள்

அந்தக் கட்டடத்தில் குடியிருந்த நம்மாட்களுக்கெல்லாம் அவள் பெட்ஷீட் அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் நுழைந்து தட்டையாக வெளியே வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. சூடு பட்டுப் பட்டு விரல்நுனி எல்லாம் காய்த்துப் போயிருந்தது. இந்த வெளிநாட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதிலும் மண் விழப் பார்த்தது.

தினமும் வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுபோய் விடுவார். சும்மா விடுவாரா? கதவைத் திறக்கும்போது ஒரு பெருமூச்சு, சிக்னலில் ஒரு பெருமூச்சு, இறக்கிவிடும்போது "நான் இல்லேன்னா நீ என்ன பண்ணுவே?" சொந்தக்காரர்கள் போனில் வந்தால், "இவளுக்கு நான்தான் சம்பளமில்லாத டிரைவர்" என்று இளிப்பார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மேற்பார்வைக்காரி, அடுத்த மாதத்திலிருந்து விடிகாலை ஐந்து மணி ஷிஃப்டுக்கு வரவேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது.

"ஐஞ்சு மணிக்கெல்லாம் என்னால எந்திரிக்க முடியாது. வேலையை விட்டுடு. யாரு உன்னைப் போகச் சொன்னா?" என்றார் வீட்டுக்காரர். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவர் முகத்தில்.

அக்கா மறுநாளே உருளைக்கு அந்தப் பக்கம் நிற்கும் தோழியிடம் ஒரு பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கினாள். பள்ளிக்கூட நாளில் அண்ணன் சைக்கிளைக் கொஞ்சம் ஓட்டியவள்தான். வயசுக்கு வந்ததும் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். இந்தச் சைக்கிளிலோ கையில் பிரேக்கே இல்லை. பெடலைப் பின்னால் மிதித்தால் சக்கரம் நின்றுவிடும். சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சரிவில், பழைய ஞாபகத்தில் பெடலைச் சும்மா பின்பக்கம் சுற்றினாள். சைக்கிள் நின்றது; அக்கா நிற்கவில்லை.

முழங்கால் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தால், மனுஷன் போனை ஸ்பீக்கரில் போட்டு மாமியார், கொழுந்தனார் எல்லோருக்கும் கதையாகச் சொன்னார். "நாப்பது வயசுல சர்க்கஸ் காட்டுறா!" அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அக்கா காயத்துக்கு மருந்து தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை. யார்தான் மன்னிப்பார்கள்?

மாதம் முடிவதற்குள் காலுக்குப் புதுப் பழக்கம் வந்துவிட்டது. கையை நீட்டித் திரும்பவும், லாரி உறுமிக்கொண்டு பின்னால் வந்தால் பதறாமல் ஓரமாகப் போகவும் கற்றுக்கொண்டாள்.

முதல் நாள். புதுசாக ஓட்டுகிறோமே என்று வெகு முன்னதாகவே கீழே இறங்கினாள். இரண்டு டயரும் சப்பையாகக் கிடந்தன. பஞ்சர் என்றுதான் நினைத்தாள். தோழியைக் கூப்பிடலாம் என்றால் போன் மேலே. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது: "என்ன, காத்து இறங்கிடுச்சா?"

அக்கா இன்னும் வாயே திறக்கவில்லை. அவர் படுக்கையை விட்டு எழவும் இல்லை.

அவள் அப்படியே நிற்பதைப் பார்த்து அவர் குரலில் தேன் வழிந்தது. "சரி சரி, வா. கார்ல விட்டுர்றேன்." ஐந்து மணிக்கு எழ முடியாதவருக்கு இன்று மட்டும் எப்படியோ முடிந்தது.

அக்கா போர்வையை உருவி எறிந்தாள்.

"எந்திரிங்க. கீழ வந்து காத்து அடிங்க."

"நான் எதுக்கு..."

"இறக்கின கைதான் அடிக்கணும்!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. மானம் போகிறதே என்று மனுஷன் கைலியோடு இறங்கி வந்தார். பம்பு சைக்கிள் பாரிலேயே மாட்டியிருந்தது. குனிந்து அடித்தார். நாயை நடக்கவிடக் கூட்டிவந்த ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"போதுமா?"

அக்கா கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தாள். "இன்னும்."

அடித்தார். மூச்சு வாங்கியது. "விழுந்து வைப்பியோன்னுதான்..."

"விழுந்தா எந்திரிச்சுக்குவேன். நீங்க தள்ளிவிட்டா எப்படி எந்திரிக்கிறது?"

அவர் பம்பை நீட்டினார். வாங்கி மாட்டிவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்தாள்.

"வேலை முடிஞ்சதும் நான் வந்து கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவர் கேட்கிறார்.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அக்கா பெடலை மிதித்தாள்.