கடைசி பெஞ்சுக்குப் பிரசங்கம் சொன்னவர்

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது பிலோமினா அழைத்தார். "லூர்தண்ணே, அவரு போய்ட்டாருண்ணே." அவருடைய கணவரும் என் நண்பருமான ஞானப்பிரகாசத்தை இரண்டாவது முறை வந்த பக்கவாதம் கொண்டுபோய்விட்டது. மூன்று வாரம் ஆகிறது. அவரை அறிந்த நண்பர்களான உங்களுக்கு ஆறுதலாக எதையாவது எழுத நினைத்தேன். என்னிடம் ஆறுதல் இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்கு ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பெல்ட் ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசுவோம். ஞானத்துக்கு அது வசதி. அவருக்குத் திக்குவாய். கோயிலில் பூசையின்போது பைபிள் வாசகம் படிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஒரே ஒரு முறை படித்தார். முதல் வரியிலேயே நாக்கு மாட்டிக்கொண்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"எ... என்னை எதுக்கு, லூர்து, ஆண்டவரு படைச்சாரு? ஏதாச்சும் ஒரு வேலைக்குத்தான படைச்சிருப்பாரு? அத செய்யாமலே செத்துடுவேனோன்னு பயமா இருக்குது."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு வீடுவரை நடந்தேன்.

புயலில் முந்திரித் தோப்புகள் சாய்ந்ததற்கு அடுத்த வருஷம் மரியசெல்வி எங்கள் கோயிலுக்கு வரத் தொடங்கினார். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைப்பவர். பிறவியிலேயே காது கேட்காது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாமியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு ஞானம் எழுந்துபோய் அவர் எதிரே முழங்காலிட்டு, பெல்ட் பக்கம் நாங்கள் பேசுகிற மாதிரி, பிரசங்கத்தைக் கையால் சொல்ல ஆரம்பித்தார். பாதிகூடப் புரிந்திருக்காது. ஆனால் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதன்பின் ஞானம் ஓய்வு நாள்தோறும் பஸ் ஏறிக் கடலூர் போய், ஓர் ஆசிரியையிடம் சைகை மொழியை முறையாகக் கற்றார். இரண்டு வருஷம் பிடித்தது. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பதி, பண்ருட்டியிலிருந்து நான்கு பேர் என்று கடைசி பெஞ்ச் நிறைந்தது. "இதுக்குத்தான், லூர்து, ஆண்டவரு என்னைப் படைச்சாரு," என்றார். அன்று திக்கவில்லை.

போன வருஷம் முதல் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"கா... கால எடுத்துக்கினு போவட்டும். கை எதுக்கு ஆண்டவருக்கு? அத அவரு வேலைக்குத்தான வெச்சிக்கினு இருந்தேன்?"

ஜெபம் சொல்ல வந்த சாமியாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு மாதம் கோயில் பக்கமே வரவில்லை.

ஒரு மத்தியானம் மரியசெல்வி அவர் வீட்டைத் தேடி வந்தார். முந்திரிக்கொட்டையின் பால் பட்டுக் கறுத்த விரல்களால் வெகுநேரம் ஏதோ சொன்னார். நானும் அங்கே இருந்தேன். "என்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"நா... நாலு மாசமா சாமி அவங்ககிட்ட பேசலியாம்."

அடுத்த ஞாயிறு சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். இடது கையால் மட்டும் பிரசங்கம் சொன்னார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை. சட்டை வேர்வையில் நனைந்தது. மூன்று மாதம் விடாமல் செய்தார். கடவுள்மேல் இருந்த கோபம் தீர்ந்ததென்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. கோபத்தோடேதான் செய்தார்.

அந்த நாட்களில் என்னிடம் கேட்டார்: "நீ க... கத்துக்க லூர்து. எனக்கு நேரம் இல்ல."

"இந்த மாசம் ஷிப்ட் சரியில்ல ஞானம். அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த மாதமும் கேட்டார். அதையேதான் சொன்னேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்: அவர் கேட்டது, நான் தள்ளிப்போட்டது.

போன ஞாயிறு கடைசி பெஞ்சில் ஏழு பேரும் வந்திருந்தார்கள். பிரசங்கம் தொடங்கியது. நான் எழுந்துபோய் அவர்கள் எதிரே நின்று கையைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. சைகையில் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தெரியவில்லை. மரியசெல்வி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நீட்டி, ஏதோ ஒரு வார்த்தையை என் கையிலேயே செய்துகாட்டினார்.

அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல ஞானம் இல்லை.