குரங்குக்குக் காப்புறுதி இல்லை

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே நுழைந்த குரங்கு, அப்பாவின் காது கேட்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. வீட்டுப் பொருட்களுக்குக் காப்புறுதி எடுத்திருந்ததால் தைரியமாக நட்டஈடு கேட்டேன். விசாரிக்க வந்த அதிகாரி கையை விரித்தார்.

"மனுசன் எடுத்தாத்தாங்க திருட்டு. கொரங்கு எடுத்தா அது திருட்டுல சேராது."

சொல்லிவிட்டு, முகம் துடைக்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தார். அடுத்த நொடி அது கூரைமேல் ஒரு குரங்கின் கையில் இருந்தது.

"ஐயோ, கள்ளன்! கள்ளன்! புடிங்க!" என்று கத்தினார்.

என் மனைவி அமைதியாகக் கேட்டாள்: "இது திருட்டுல சேருமாங்க சார்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவரால் தான் வந்த மோட்டார் சைக்கிளை ஓட்ட முடியாது. நானே அவரைப் பின்னால் உட்காரவைத்துக் கண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழிநெடுக என் தோளைப் பிடித்தபடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

நட்டஈடு கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருவரும் ஒரே குரங்குக் கூட்டத்திடம் பறிகொடுத்தவர்கள் அல்லவா!