என் மகனுக்கு வந்த பால்

உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, என் மகன் பிறந்த ஒன்பதாம் நாள், நான் இருமித் துடைத்த கைக்குட்டையில் இரத்தம் இருந்தது. ஆறாம் மாதம் தொடங்கிய இருமலைக் கர்ப்பச் சூடு என்றே எண்ணியிருந்தோம். அது காசநோய். டாக்டரம்மா அன்றே குழந்தையைப் பிரித்துக் கீழே அனுப்பினார். மயிலாப்பூர் வீட்டின் மாடியறையில், படிப்பை நிறுத்திய இலக்கிய மாணவியாக, நான் தனியே கிடந்தேன்.

புட்டிப்பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கினான். அவனுடைய அழுகை நாளுக்கு நாள் மெலிந்தது. என் நோய்க்காக நான் செபிக்கவில்லை. "மாதாவே, அவனுக்குப் பால்" என்ற மூன்றே சொற்களைச் செபமாலையின் மணிதோறும் சொன்னேன்.

அவனைப் பிரித்த எட்டாம் நாள், சாந்தோமிலிருந்து மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாள் அழுகையைக் கேட்டுவிட்டார். அவருக்கும் கைக்குழந்தை உண்டு.

"தாய்க்குப் பால் வத்திப்போச்சு" என்றார் என் மாமியார்.

"அதுக்குப் புள்ளய இப்பிடியா கத்த வுட்டுக்கினு கீறீங்க? குடு இங்க!"

கை கழுவிவிட்டு அமர்ந்தார். அழுகை நின்றது. மாடியில் நான் முழந்தாளிட்டேன்.

ஆனால் மனம் அமைதியடையவில்லை. ஒன்பது நாள் நான் முத்தமிட்ட பிள்ளை அவன். நோய் அவனைத் தொற்றியிருந்தால், அவர் குழந்தைக்கும் ஆபத்து அல்லவா? சொன்னால் பால் நின்றுவிடும். சொல்லாமல் செபமாலையை எப்படித் தொடுவேன்? மூன்றாம் நாள் ஜன்னலைத் திறந்து, "எனக்குக் காசநோய், அக்கா. பால் வற்றவில்லை" என்றேன். அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"உன்னை யாரு கேட்டா?" என்று மாமியார் அழுதார்.

மறுநாள் அந்தோணியம்மாள் கூடையில்லாமல், தம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா கையில கேட்டுக்கினு வரேன். ரெண்டு புள்ளைங்களையும் பாக்கணுமாம். கெளம்பு பெரியம்மா."

பிள்ளைகள் இருவருக்கும் நோயில்லை. திரும்பி வந்தவர் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார். "இன்னா கண்ணு முழிக்கிற? எம் பாலக் குடிச்சா உம் புள்ள மீன் வாசன அடிப்பான், அவ்ளோதான்!" நெடுநாளுக்குப் பிறகு சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தர நெஞ்சில் காற்றேற்றும் சிகிச்சை நீண்டது. கிருமியில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது அவனுக்குப் பதினான்கு மாதம். என்னைக் கண்டதும் அந்தோணியம்மாளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"போடா ராஜா, அதுதாண்டா உங்கம்மா. எனக்கு வேல கீது" என்று அவனை என் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனார். போகும்போது கண்ணைத் துடைத்ததைக் கண்டேன்.

இவ்வாண்டு மீண்டும் கல்லூரிக்குச் செல்கிறேன். சகோதரிகளே, உங்களில் யாரேனும் கதவைச் சாத்திக்கொண்டு இருமினால், மாதாவிடம் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். உதவி வரும். வருகிறவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.