நான்காவது நோக்கம்

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளி இப்போது இல்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவேன். எனக்கு இருபத்தேழு வயது. நல்ல டீச்சர் என்று பெயர் எடுத்திருந்தேன்.

அந்தப் பெயர் வந்தது பாடக்குறிப்பு நோட்டால்தான். நோக்கம் தெளிவில்லாமல் வகுப்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று பி.எட். படிக்கும்போது சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்திருந்தார்கள். அறிவு, புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு நோக்கங்கள். மாணவியர் அறிவர், மாணவியர் விளக்குவர் என்று சிவப்பு மையில் எழுதிக் கோடு போடுவேன். தலைமையாசிரியை என் நோட்டை மற்ற டீச்சர்களிடம் கொடுத்து, "இதப் பாத்து எழுதுங்க" என்பார்.

அது மாசி மாதம். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரப்போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அமிலங்கள் பாடம். நான்காவது நோக்கமாக, 'செறிவு மிக்க அமிலத்தை நீர்க்கச் செய்யும் திறன் பெறுவர்' என்று எழுதியிருந்தேன். அதன் கீழேயே, 'எச்சரிக்கை: அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது' என்றும் எழுதியிருந்தேன்.

மூன்று நோக்கங்கள் முடிந்தபோது மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான்காவதை அன்றே முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். தேரடி பக்கம் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கடை வைத்திருந்த ஒருவரின் மகள். முஸ்லிம் வீட்டுப் பெண். எந்த வேலையையும் சுத்தமாகச் செய்பவள், எதைக் கேட்டாலும் உடனே எழுந்து நிற்பவள்.

"சீக்கிரம் வா. கந்தக அமிலத்தையும் தண்ணியையும் கலந்து காட்டு" என்றேன். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தேன்.

அமிலம் பீக்கரில் தயாராக இருந்தது. அவள் அதில் தண்ணீரை ஊற்றினாள்.

சீறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். அவள் கத்தவில்லை, மற்ற பெண்கள்தான் கத்தினார்கள். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பத்து மதிப்பெண் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். ஆனாலும் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். வராந்தாவிலிருந்து ஆயாதான் ஓடி வந்தாள். அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு போய்க் குடிதண்ணீர் டிரம்மில் முகத்தை முக்கி, சொம்பு சொம்பாக ஊற்றினாள். "என்னா டீச்சர் அப்படியே நிக்கறீங்க? ரிக்‌ஷாவ கூப்புடுங்க!" என்று ஆயா அதட்டிய பிறகுதான் என் கால் நகர்ந்தது.

பெரியாஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டினார்கள். மறுநாள் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். கன்னத்துப் புண் ஆறிவிடும் என்றும், வலது கண் கஷ்டம் என்றும் தகவல் வந்தது. அதைக் கேட்டபோது நான் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். மூடி வைக்கவில்லை, சாப்பிட்டேன். தயிர்சாதமும் நார்த்தங்காயும். இது மட்டும் எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் காத்திருந்தேன், வீட்டில் காத்திருந்தேன். அது வரவே இல்லை. உள்ளங்கையை வெகுநேரம் அழுத்தி வைத்துக்கொண்டால் மரத்துப்போகுமே, அப்படி ஏதோ ஆகிவிட்டிருந்தது.

ஆய்வுக்கு வர வேண்டிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். தலைமையாசிரியை அறையில் என் நோட்டைப் பிரித்து நிதானமாகப் படித்தார். எச்சரிக்கை வரியின் மேல் பேனாவால் தட்டினார்.

"இத வகுப்புல சொன்னீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் தலைமையாசிரியை, "பிள்ளைங்களையே கேளுங்க சார்" என்றார். மூன்று பெண்களை அழைத்து வந்தார்கள். மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னாங்க சார்" என்றார்கள்.

"நோட்ஸ் எல்லாம் சரியா இருக்கு. உங்க மேல தப்பில்ல" என்று சொல்லி அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்லவில்லை. எழுதியிருந்தேன், வாயால் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். அந்த மூன்று பெண்களுக்கும் தெரியும். அடுத்த பீரியடில் அவர்களுக்கே பாடம் எடுத்தேன். மூவரும் வழக்கம்போல எழுதிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த ஈயக்கடைக்குப் போனேன். ஓட்டல் அண்டா ஒன்றை நெருப்பின் மேல் சாய்த்து, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தார் அவளுடைய அப்பா. ஈயம் பிடிப்பதற்காகத் தூவிய நவச்சாரத்தின் புகை கண்ணைக் கரித்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் தட்டிப் போட்டார்.

"உக்காருங்க டீச்சரம்மா."

நான் உட்காரவில்லை. "நான் வகுப்புல சொல்லலைங்க. தண்ணிய ஊத்தக் கூடாதுன்னு நோட்டுல எழுதியிருந்தேன். வாயால சொல்லல" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

அவர் பஞ்சைக் கீழே வைத்தார்.

"தெரியும். பொண்ணு அன்னிக்கே சொல்லிடுச்சு."

"அப்புறம் பிள்ளைங்க எல்லாம்..."

"அதுவும் அவ வேலதான். கண்ணுல கட்டோட படுத்துக்கினே, அன்னிக்கு சாயங்காலம் பாக்க வந்த பொண்ணுங்க கிட்ட சொல்லியனுப்பிச்சா. யார் கேட்டாலும் டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க, இல்லாட்டி டீச்சருக்கு வேல போயிடும்னு." கம்பியால் கரியைக் கிளறிவிட்டார். "நான் வேணாம்னேன். உங்க மேல எனக்குக் கோவம் ஜாஸ்தி. இப்பவும் கம்மியாவல. ஆனா கண்ணு அவளோடது. அவ சொல்றத நான் எப்படித் தட்டறது?"

"அதிகாரி கிட்ட நானே போய்ச் சொல்லிடறேங்க."

"அது உங்க பாடு. ஜூன்ல அவள ஸ்கூலுக்கு அனுப்பறேன். நடுவுல நிறுத்தச் சொல்லி வீட்டுல சொல்றாங்க, நான் கேக்கல. போர்டு தெரியற மாதிரி உக்கார வைங்க. அது போதும்."

அந்த அதிகாரியிடம் நான் போகவில்லை. கல்வி அலுவலகம் இருந்த தெருவில் பலமுறை நடந்திருக்கிறேன். ஒருமுறை வாசல்வரை போனேன். பியூன் "யாரம்மா பாக்கணும்?" என்று கேட்டான். "யாருமில்ல" என்று சொல்லித் திரும்பினேன். அப்போதும் பயமோ வெட்கமோ பெரிதாக இல்லை. கால் திரும்பியது, கூடவே நானும் திரும்பினேன்.

ஜூனில் அவள் வந்தாள். வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அந்த வருடம் பத்தாம் வகுப்புக்கும் நான்தான் அறிவியல் எடுத்தேன். அவளை வலது ஓரத்தில், முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். கரும்பலகையும் வகுப்பும் அவளுடைய நல்ல கண்ணின் பக்கம் இருந்தன. நான் கேள்வி கேட்டால் பழையபடி எழுந்து நின்று பதில் சொன்னாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. ஒரு நாள் சோதனைக்குழாயைக் கழுவி அடுக்கும்போது, "நான் எடுத்துத் தரட்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். "வேணாம், நீ போ" என்றேன். அவள் முகம் சுருங்கியது. அடுத்த முறை கேட்டபோது எடுத்துத் தரச் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு மறுபடியும் அமிலப் பாடம் வந்தது. நோட்டைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'திறன் பெறுவர்' என்று எழுத முடியவில்லை. ஒரே ஒரு நோக்கம் எழுதினேன்: 'அமிலத்தை எதில், எப்படிச் சேர்ப்பது என்று ஒவ்வொரு மாணவியும் வாயால் சொல்வாள்.' நாற்பத்திரண்டு பெண்களையும் ஒவ்வொருவராக எழுப்பிச் சொல்ல வைத்தேன். பாதியில் மணியடித்தது. பீக்கரைப் பூட்டி வைத்துவிட்டு மறுநாள் மீதிப் பேரைக் கேட்டேன். அதற்கு அடுத்த நாள் நானே செய்து காட்டினேன். அந்த வருட ஆய்வில், 'நோக்கங்கள் போதவில்லை, பாடம் மெதுவாக நகர்கிறது' என்று குறிப்பு எழுதினார்கள். அதற்குப் பிறகும் அப்படித்தான் எடுத்தேன். என் நோட்டைப் பிறருக்குக் கொடுப்பது நின்றுபோயிற்று.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ "டீச்சர்" என்றார்கள். அவள்தான். என்னைப் பார்க்க முகத்தை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. ஆரணியில் கட்டிக்கொடுத்திருப்பதாகச் சொன்னாள். ஒரு கையைப் பிடித்தபடி ஆறு வயதுப் பெண் குழந்தை, மறு கையில் முறுக்குப் பொட்டலம்.

"எப்படிப் படிக்கறா?" என்று கேட்டேன்.

"கணக்குதான் கம்மி டீச்சர். மத்ததெல்லாம் நல்லா சொல்றா."

அவளிடம் மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தெரிந்தது. "அன்னிக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் என் கையில் ஒரு முறுக்கை வைத்து, "எங்க பஸ் வந்துடுச்சு டீச்சர். வரேன்" என்றாள். குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு ஏறிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள். நானும் கையை ஆட்டினேன். பஸ் போன பிறகு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்த முறுக்கைத் தின்றேன். கீழ்பென்னாத்தூர் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.