எஸ்தர் விட்டுக்கொடுக்காத இரண்டு கன்றுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது டேவிட் அழைத்தார். டாக்டர் எஸ்தரின் தம்பி. "சார், அக்கா தவறிட்டாங்க. நேத்து சாயங்காலம் மூளையில ரத்தக்கசிவு. இன்னைக்குக் காலையில..." என்றார். காசைக் கொடுத்துவிட்டுக் கீரையை வாங்காமலே நடந்திருக்கிறேன். கீரைக்கார அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டது, பஸ் நிலையம் வந்த பிறகுதான் மனதில் உறைத்தது.

உங்களில் பலருக்கு எஸ்தர் கல்லூரி விலங்கியல் பேராசிரியர். அதற்கு முன் அவர் கால்நடை மருத்துவர். உயரமான மலைகளுக்குக் கொண்டுபோகப்படும் மாடுகளின் இதயமும் நுரையீரலும் என்ன பாடுபடுகின்றன என்று ஆராய்ந்தவர். அந்த ஆய்வில் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். ஐந்து கோடைகள் லடாக்கில் ஒரு மாட்டுப் பண்ணையில் சேர்ந்து வேலை செய்தோம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றிய கன்னியப்பன் ஒருநாள் கேட்டார்: "இன்னா டாக்டரம்மா, மலைக்குப் போற மாடு ஏன் சாவுது? குளிரா?"

"குளிர் இல்லப்பா. காத்துல ஆக்சிஜன் கம்மி. அதனால நுரையீரல்ல இருக்கற ரத்தக்குழாய் எல்லாம் இறுகிக்கும். இதயம் முட்டி முட்டித் தள்ளணும். தள்ள முடியலன்னா உடம்புல நீர் கோத்துக்கும்."

"அப்போ மாட்டுக்கும் பிரஷர் கீதுன்றீங்க."

"இருக்கு. அது வாயைத் தொறந்து சொல்லாது, அவ்வளவுதான்."

மலையிலேயே பிறந்து வளரும் யாக்குகளுக்கு அந்தக் குழாய்கள் அப்படி இறுகுவதில்லை. நம் மாடுகளில் சிலவற்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இறுகுகிறது என்பதுதான் அவரை விடாமல் துரத்திய கேள்வி.

இரண்டாம் கோடையில் ஒரு செவலைப் பசுவுக்குக் கழுத்தின் கீழ் அலைதாடி வீங்கி, தண்ணீர்ப் பை போலத் தொங்கியது. பண்ணையில் சளிக்காய்ச்சல் என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் கழுத்து நரம்பைத் தடவிப் பார்த்தார். விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. "ஊசியால ஒண்ணும் ஆகாது சார். கீழ இறக்கணும். இன்னைக்கே" என்றார். தீவனம் இறக்க வந்த லாரிக்காரரிடம் வெகுநேரம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தார். முன்னால் இடமிருந்தும் உட்காரவில்லை. பள்ளத்தாக்கு வரை பசுவின் பக்கத்திலேயே நின்றுகொண்டு போனார். பத்து நாளில் வீக்கம் வற்றி, பசு புல்லில் வாய் வைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

கடைசி ஆண்டில்தான் அது நடந்தது. கலப்பினக் கன்றுகள் சில வாரங்களில் மலைக்குப் பழகிவிடும் என்று அறிக்கை முடிய வேண்டியிருந்தது. இரண்டு கன்றுகள் பழகவில்லை, செத்துப்போயின. கழுத்து நரம்பு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தைத் தாண்டி நுரையீரல் குழாய் வரை கொண்டுபோய் அவர் அழுத்தம் பார்ப்பார். தாளில் பதிவு எடுப்பது என் வேலை. அந்த இரண்டிலும் கோடு நாளுக்கு நாள் ஏறியதை என் கண்ணால் பார்த்தவன் நான். திட்டத் தலைவர், "அது வேற ஏதாவது நோயா இருக்கும். அந்த ரெண்டையும் விட்டுடலாம்" என்றார்.

"மீதியெல்லாம் பொழச்சுதுன்னு எழுதுங்க சார், அது உண்மை. ரெண்டு செத்துச்சுன்னும் எழுதுங்க, அதுவும் உண்மை" என்றார் எஸ்தர். அறிக்கையில் கையெழுத்திட மறுத்தார்.

நான் கையெழுத்திட்டேன். வேலை நிரந்தரமாகவில்லை, மகளைப் பள்ளியில் சேர்க்கும் வருடம். காரணங்கள் இருந்தன.

அடுத்த ஆண்டு திட்டத்தில் அவர் பெயர் இல்லை. கல்லூரி வேலைக்கு வந்துவிட்டார். அந்தக் கன்றுகளைப் பற்றி அவர் மேலிடத்துக்குத் தனியாக எழுதினார் என்பதும், அதன் பிறகே அழுத்தம் பார்க்காமல் அந்தப் பண்ணைக்கு ஒரு கன்றையும் ஏற்றுவதில்லை என்று முடிவானது என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒருநாள் மின்சார ரயிலில் எதிர் இருக்கையில் அவர். பல்லாவரம் தாண்டியதும் சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது மேடம்."

"ஆமா சார், போட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "பொண்ணு என்ன படிக்கிறா?" என்று கேட்டார். தாம்பரம் வரும்வரை மகளைப் பற்றியே பேசினோம். என்னை மன்னித்தாரா என்று கேட்கத் துணிவு வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் டேவிட் என்னை வீட்டுக்கு அழைத்தார். "உங்க பேரு இருக்கு சார், நீங்களே வெச்சுக்கோங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். அவர் அக்கா மேலிடத்துக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் நகல். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: 'இந்தப் பதிவுகளை எடுத்தவர் முரளி. ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவர். சந்தேகம் இருந்தால் அவரைக் கேளுங்கள். உள்ளதைச் சொல்வார்.'

நான் கையெழுத்திட்டதற்கு மறுநாள் எழுதியது அது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது. சொல்வேன் என்று எஸ்தர் நம்பியிருக்கிறார். எஸ்தரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது 'உள்ளதைச் சொல்வார்' என்ற அந்த ஒரு வரியைத்தான்.