தேய்த்தும் போகாத புள்ளி

தைப்பூசத்தில் தம்பி காவடி இறக்கியதும் மஞ்சள் நீரால் அவன் பாதம் கழுவுவது நான்தான். நான்கு வருடங்களுக்கு முன் உள்ளங்காலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ரோட்டுத் தார் என்று தேய்த்தேன், போகவில்லை.

"மச்சம் லா, அக்கா. வெளிநாட்டு யோகம்!" என்றான். நானும் சிரித்தேன்.

சென்ற ஆண்டு அவன் தொடையிடுக்கில் கட்டி வந்தது. அந்தப் புள்ளியே தோல் புற்றுநோய், அது நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அன்று பழைய தைப்பூசப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவன் பாதம் கேமராவை நோக்கி என் கையில் இருந்தது. முதலில் மிளகளவு. அடுத்து ஐந்து காசு அளவு. பிறகு ஓரம் கலைந்த கறை. மூன்று படங்களிலும் நான் அதைக் கழுவியபடி சிரிக்கிறேன்.

"எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற மருந்து ஏத்தலாம். சிலருக்குப் பல வருஷம் அடக்கி வைக்கும். உள்ளங்கால்ல வர்ற புற்றுக்கு இந்த மருந்து கேக்குறது கொஞ்சம் குறைவுதான்" என்றார் டாக்டர், மறைக்காமல்.

ஆறு முறை ஏற்றியபின் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன.

"வெளிநாட்டு யோகம் தள்ளிப்போச்சு லா, அக்கா. மேல போறது இப்போதைக்கு இல்ல" என்றான் தம்பி.

இந்த ஆண்டு அவன் காவடி எடுக்கவில்லை. பால்குடம் எடுத்த அண்ணன் மகளுக்குக் கால் கழுவினேன். பிறகு இரு பாதங்களையும் வெளிச்சத்தில் திருப்பி, விரலிடுக்கு வரை பார்த்தேன். இனி யாருக்குக் கழுவினாலும் அப்படித்தான். தேய்த்தும் போகாத புள்ளிக்கு நான் பலன் சொல்வதில்லை, மறுநாளே கிளினிக்.