அம்மா வெளியே போனால் இறங்கும் பிரஷர்

மாமாவுக்குப் பிரஷர் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் முடிவானபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான அவர் எங்களோடுதான் இருந்தார். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். லைசன்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சோதனைக்குப் போன இடத்தில் அளவு கூடுதலாகக் காட்டியது. இரண்டு வாரம் கழித்து வாருங்கள், அப்போதும் இறங்காவிட்டால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் லோரி இல்லை.

அன்றே அம்மா ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வந்தார். அளப்பது அம்மா, எழுதுவது நான். நோட்டில் கட்டம் போட்டேன்: தேதி, நேரம், அளவு, சாப்பிட்டது, அருகில் இருந்தவர். கடைசிக் கட்டத்தை யாரும் கேட்கவில்லை. பட்டியல் என்றால் ஒரு கட்டம் கூடுதலாகப் போடாமல் எனக்கு மனம் ஆறாது, இன்றும் அப்படித்தான்.

கைப்பட்டை இறுகத் தொடங்கியதும் அம்மாவும் தொடங்கிவிடுவார்.

"காலையில ரொட்டி சானாய் எத்தன தின்ன? பொய் சொல்லாத."

"ரெண்டுதான்கா."

"நம்ம அப்பா மாதிரி நீயும் ரோட்டுல மயங்கி விழணுமா?"

"நீ பேசாம இருந்தா அது தானா இறங்கும் லா."

அம்மா பேசாமல் இருக்கவில்லை, அதுவும் இறங்கவில்லை. அம்மா பிழிந்து கொடுத்த பாகற்காய்ச் சாறு ஒரு தம்ளர் இரண்டானது. அம்மா வேலைக்குப் போன பிறகு மாமா என்னிடம் கையை நீட்டுவார். அப்போது மட்டும் அளவு சாதுவாக இருக்கும். ஒரே வாரத்தில் எனக்கு விஷயம் பிடிபட்டது: மெஷினுக்கு அம்மாவைக் கண்டால் பயம்.

குறித்த நாளில் மூவரும் கிளினிக்குக்குப் போனோம். அம்மா மாமாவின் தோளுக்குப் பின்னால் நின்று எண்களைப் பார்த்தார். ஏறியிருந்தது. லோரி கையைவிட்டுப் போய்விட்டது என்று மாமாவின் முகம் சொன்னது. நான் நோட்டை மேசைமேல் வைத்துக் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன். டாக்டர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருறீங்களா?" என்றார்.

ஐந்து நிமிடம் மாமாவைச் சும்மா உட்காரவைத்து அளந்தார். மறுபடியும் அளந்தார். கையெழுத்து விழுந்தது.

பதறும்போது இதயம் வேகமாக அடிக்கும், சிறு ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். கழுத்துக் குழாய்களில் உள்ள நரம்பு முனைகள் அதைக் கவனித்து மூளைக்குச் சொல்லும். பதற்றம் விலகினால் இதயம் நிதானிக்கும், குழாய்கள் தளரும். இதையெல்லாம் பிறகு படித்தேன். இப்போது மருத்துவமனை மெஷின்களைச் சோதிப்பதுதான் என் வேலை. அவை யாருக்கும் பயப்படுவதில்லை.

வெளியே அம்மா முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "சும்மாதானே இருக்கீங்க, உங்களுக்கும் பாத்துருவோமாக்கா?" என்று தாதி அவர் கையில் பட்டையைச் சுற்றினார். ஏறியிருந்த எண்ணைப் பார்த்ததும் மாமாவின் சிரிப்பு நின்றது.

அடுத்த சில வாரங்கள் அம்மாதான் கிளினிக்குக்குப் போய்வந்தார். அதன்பின் தினமும் காலையில், லோரி எடுக்கப் போகுமுன், மாமா பிரஷர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து, "இது வைட்டமின்தான்" என்று சொல்லி அம்மா விழுங்கும்வரை வாயைத் திறக்காமல் நிற்பார். நான் நோட்டில் புதுப் பக்கம் தொடங்கினேன்.

அம்மா. காலை. வைட்டமின். அருகில் இருந்தவர்: மாமா.